வாசிப்புப் பட்டியலும் பெயரிடலும்: பால்புதுமை நூல்கள் வாசகரை அடைந்த வரலாறு

முன்னுரை

நூல் ஒன்று நூலகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தேடி வருபவர் அறிந்த ஒரு சொல்லின் வழியாக அந்நூல் அவருக்குக் கிடைத்தல் வேண்டும். 1931ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்த நூலில் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டாம் விதி வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலைப் பற்றியது. மூன்றாம் விதி நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைப் பற்றியது. இவ்விரண்டையும் இணைக்கும் கருவிகளுள் ஒன்று நூலகம் வெளியிடும் பரிந்துரைப் பட்டியல்.

இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொது நூலகங்கள் பலவற்றில் கோடை விடுமுறைக்கான வாசிப்புப் பட்டியல்கள் வெளியாகும் காலத்தில், பால்புதுமையர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட நூல்களுக்கெனத் தனிப் பட்டியல்களும் வெளியாகின்றன. எளிய துண்டுத்தாளாகத் தோன்றும் இப்பட்டியலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. நோய், குற்றம், ஒழுக்கக்கேடு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின்கீழ் அடைபட்டிருந்த நூல்களை வாசகர் தம்மைக் குறித்து வழங்கும் சொற்களின்கீழ்க் கொண்டுவந்த வரலாறு அது. ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லைத் தேர்தல் என்ற அளவில் இது மொழிபெயர்ப்பாளர்க்கும் மொழியியலார்க்கும் உரிய வரலாறும் ஆகும். அதனைக் கால முறையில் காண்பதும், தமிழில் இத்தகைய பட்டியல்களை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. கோடைக்கால வாசிப்புப் பட்டியல்

பள்ளி விடுமுறையில் சிறார் வாசிப்பைத் தொடர வேண்டும் என்னும் எண்ணத்தில் அமெரிக்கப் பொது நூலகங்கள் 1890களில் பட்டியல்களையும் வாசிப்புக் குழுக்களையும் உருவாக்கத் தொடங்கின. 1897இல் கிளீவ்லாந்து பொது நூலகம் தொடங்கிய நூலகக் கழகம் இம்முயற்சிகளுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. காலப்போக்கில் கோடைப் பட்டியல் வளர்ந்தோருக்கும் உரியதாயிற்று.

பட்டியல், நூலகத்தின் அட்டவணையிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது. அட்டவணை நூலகத்திலுள்ள நூல்கள் அனைத்தையும் பதிவு செய்கிறது. பட்டியலோ சிலவற்றைத் தேர்ந்து, ஒரு தலைப்பிட்டு, படிக்குமாறு அழைக்கிறது. அவ்வழைப்பில் யார் படிக்கத்தக்கவர், எது படிக்கத்தக்கது என்னும் இரு தீர்ப்புகள் அடங்கியுள்ளன. எனவே ஒரு பொருள் பற்றிய நூல்கள் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறுவதற்கு முன், அப்பொருளை மதிப்புடன் குறிக்கும் சொல் ஒன்று நூலகத்துக்குத் தேவைப்படுகிறது. அத்தகைய சொல் நெடுங்காலம் நூலகத்தில் இல்லை.

2. பகுப்புமுறையில் பெற்ற இடம்

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்று வழங்கும் ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல் 1869இல் ஜெர்மன் மொழியில் அச்சேறியது. இதனைப் படைத்தவர் கார்ல் மரியா கெர்ட்பெனி. இவர் ஹங்கேரியக் கவிதைகளை ஜெர்மனில் பெயர்த்த மொழிபெயர்ப்பாளர். பிரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்கும் பிரிவை எதிர்த்து எழுதிய சிறு வெளியீட்டில், வசைச்சொற்களுக்கு மாற்றாக, கிரேக்க இலத்தீன் கூறுகளை இணைத்து இச்சொல்லை அவர் ஆக்கினார். எனினும் இச்சொல்லை விரைவில் மருத்துவத்துறை தனதாக்கிக்கொண்டது. விடுதலைக்காக ஆக்கப்பட்ட சொல் நோயின் பெயராக நூலகங்களுக்குள் நுழைந்தது.

டூயி தசமப் பகுப்புமுறை 1876இல் முதன்முதலாக வெளியாயிற்று. அதில் தன்பாலீர்ப்பு என்னும் பொருள் 1932இல் வெளிவந்த 13ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது. அதற்கு அளிக்கப்பட்ட எண்கள் உளப்பிறழ்ச்சியையும் பிறழ்நிலை உளவியலையும் சார்ந்தவை. பின்வந்த பதிப்புகளில் இப்பொருள் மருத்துவம், ஒழுக்கவியல், சமூகவியல் ஆகிய பகுதிகளிடையே இடம் மாறி, இறுதியில் 306.76 என்ற எண்தொடரில், சமூக நிறுவனங்களுள் ஒன்றான பாலுறவுநிலை என்ற பகுதியில் நிலைபெற்றது. எண் மாறியதால் அடுக்கு மாறியது. அடுக்கு மாறியதால் நூலுக்கு அண்டையில் நிற்கும் நூல்களும் மாறின.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலில் ‘ஹோமோசெக்சுவாலிட்டி’ என்ற தலைப்பு 1946இல் ஏற்கப்பட்டது. அதனுடன் ‘பாலியல் வக்கிரம்’ என்ற பொருள்படும் தலைப்பையும் ‘மேலும் காண்க’ என்ற குறிப்பு இணைத்திருந்தது. பெண்களைக் குறிக்கும் ‘லெஸ்பியனிசம்’ 1954இல் சேர்க்கப்பட்டது. இவை இரண்டும் நிலையைக் குறிக்கும் பண்புப் பெயர்கள் என்பது மொழியியலார் கவனத்துக்குரியது. அந்நிலைக்குரிய மனிதரைக் குறிக்கும் பெயர்ச்சொல் 1970களின் இடைப்பகுதி வரை தலைப்பாக ஏற்கப்படவில்லை. ஒரு நிலைமையைப் பற்றிப் படிக்க வருவோருக்கே அட்டவணை வழிகாட்டியது. தம்மைப் போன்றவரைப் பற்றிப் படிக்க வருவோரை அது எண்ணிப் பார்க்கவில்லை எனலாம்.

3. வாசகர் தொகுத்த நூலடைவுகள்

இந்நிலையில் வாசகர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டுக்குத் தக்க சான்று பார்பரா கிட்டிங்சின் இளமைக்காலம். 1949இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயிலச் சேர்ந்த அவர், தம்மைப் பற்றி அறிய நூலகங்களைத் துருவினார். கிடைத்தவை பெரும்பாலும் மருத்துவ நூல்களும் பிறழ்நிலை உளவியல் நூல்களுமே. வகுப்பறையினும் நூலகத்தில் மிகுந்த நேரத்தைச் செலவிட்டதால் தேர்வில் தவறி ஓராண்டில் கல்லூரியை விட்டு விலகினார். பின்னர்ப் புனைகதைகளில் அவர் தேடியது கிடைத்தது. ராட்கிளிஃப் ஹால் எழுதி 1928இல் இலண்டன் நீதிமன்றத்தால் ஆபாச நூலெனத் தீர்ப்பளிக்கப்பட்ட ‘தி வெல் ஆஃப் லோன்லினஸ்’ அவற்றுள் ஒன்று. புனைகதைக்குப் பொருள் தலைப்பு இடும் வழக்கம் அக்காலத்தில் அரிதாகையால், இத்தகைய நூல்களை அட்டவணை வழியாகக் கண்டறிதல் இயலாதிருந்தது. ஒரு வாசகர் மற்றொரு வாசகருக்குச் சொன்னால்தான் நூல் தெரியவரும் என்ற நிலை நிலவியது.

எழுத்தில் அமைந்த பட்டியல்கள் இத்தேவையிலிருந்தே பிறந்தன. டொனால்ட் வெப்ஸ்டர் கோரி என்ற புனைபெயரில் 1951இல் வெளியான ‘தி ஹோமோசெக்சுவல் இன் அமெரிக்கா’ என்ற நூலின் பிற்சேர்க்கையில் இப்பொருள் பற்றிய நாவல், நாடகங்களின் பட்டியல் இடம்பெற்றது. 1952இல் அவர் பெயரால் அஞ்சல்வழி நூல் வழங்கும் சேவை ஒன்றும் தொடங்கப்பெற்றது.

இத்துறையில் முதன்மையான பணியைச் செய்தவர் நூலகரான ஜெனட் ஹோவர்ட் ஃபாஸ்டர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1935இல் நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், 1948 முதல் 1952 வரை இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் கின்சியின் பாலியல் ஆய்வு நிறுவன நூலகராக விளங்கினார். பண்டைக் கிரேக்கக் கவிஞர் சாஃபோ தொடங்கித் தம் காலம் வரை பெண்களுக்கிடையிலான காதலைப் பொருளாகக் கொண்ட படைப்புகளைப் பல்லாண்டு தேடித் தொகுத்து ஆராய்ந்தார். பதிப்பகம் முன்வராமையால், ஆசிரியரே செலவை ஏற்கும் முறையில் 1956இல் ‘செக்ஸ் வேரியன்ட் விமன் இன் லிட்டரேச்சர்’ என்ற அந்நூல் வெளியாயிற்று. தலைப்பில் ஆளப்பட்ட ‘வேரியன்ட்’ என்ற சொல் குறிப்பிடத்தக்கது. பிறழ்ச்சி, வக்கிரம் முதலிய சொற்களைத் தவிர்த்து, மாறுபாடு என்னும் நடுநிலைச் சொல்லை ஃபாஸ்டர் தேர்ந்துள்ளார்.

அதே 1956இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘தி லேடர்’ இதழில் பார்பரா கிரியர், ஜீன் டாமன் என்ற புனைபெயரில் நூல் அறிமுகப் பகுதி ஒன்றை நடத்தி வந்தார். 1967இல் லீ ஸ்டூவர்ட்டுடன் இணைந்து ‘தி லெஸ்பியன் இன் லிட்டரேச்சர்’ என்ற நூலடைவை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு நூலுக்கும் எழுத்துக் குறியீடு இடப்பட்டது. இப்பொருள் நூலில் முதன்மையாக உள்ளதா, சிறுபான்மையாக உள்ளதா, மறைபொருளாக உள்ளதா என்பதை மூன்று எழுத்துகள் உணர்த்தின. தரக்குறைவான நூல்களுக்கு வேறோர் எழுத்து ஒதுக்கப்பட்டது. மறைபொருளாக வருவதையும் பதிவு செய்யும் இம்முறை, வெளிப்படச் சொல்ல இயலாத காலத்து இலக்கியத்தைப் படிக்கும் வழியையும் வாசகருக்குக் கற்பித்தது.

4. நூலகர் சங்கத்துக்குள் பட்டியல்

வாசகர் கையிலிருந்த இப்பணி 1970இல் நூலகத் துறைக்குள் நுழைந்தது. அவ்வாண்டு டெட்ராய்ட் நகரில் நடைபெற்ற அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் இப்பொருளுக்கெனப் பணிக்குழு ஒன்று உருவாயிற்று. இஸ்ரேல் ஃபிஷ்மன் அதன் முதல் ஒருங்கிணைப்பாளர். தொழில்வழி நூலகர் அல்லாத பார்பரா கிட்டிங்ஸ் 1971 முதல் 1986 வரை அப்பொறுப்பை ஏற்றார். நூலகத்தில் தமக்குரிய நூலைக் காணாது திரும்பிய வாசகர் ஒருவரே நூலகர்களுக்கு நூற்பட்டியல் அளிப்பவரானார்.

பணிக்குழு 1971இல் பரப்பிய நூலடைவில் 37 பதிவுகளே இருந்தன. நூல்கள், கட்டுரைகள், சிறு வெளியீடுகள் அனைத்தையும் சேர்த்தும் பரிவுடன் எழுதப்பட்டவை அவ்வளவே கிடைத்தன. 1980இல் வெளிவந்த பதிப்பில் பதிவுகளின் எண்ணிக்கை 563ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சிக்குப் பதிப்புலகின் மாற்றம் ஒரு காரணம். பட்டியல் இருந்தமையால் நூலகங்கள் வாங்கின, நூலகங்கள் வாங்கியமையால் பதிப்பகங்கள் துணிந்தன என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

1971இல் பணிக்குழு நூல்விருது ஒன்றையும் ஏற்படுத்தியது. முதல் விருது இசபெல் மில்லர் என்ற புனைபெயரில் அல்மா ரவுட்சாங் எழுதிய ‘எ பிளேஸ் ஃபார் அஸ்’ நாவலுக்கு அளிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் தோழியுடன் வாழ்ந்த ஓவியர் மேரி ஆன் வில்சனின் வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்ற இந்நாவலை ஆசிரியர் 1969இல் தம் செலவிலேயே அச்சிட்டிருந்தார். விருதுக்குப் பின் 1972இல் பெரும் பதிப்பகம் ஒன்று ‘பேஷன்ஸ் அண்ட் சாரா’ என்ற பெயரில் இதனை வெளியிட்டது. 1974இல் அதே விருது, வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கடந்த ஃபாஸ்டரின் நூலுக்கு வழங்கப்பட்டது. தம் செலவில் நூலை வெளியிட்ட நூலகர் தம் துறையின் ஏற்பை எண்பதை நெருங்கும் வயதில் பெற்றார்.

இப்பணிக்குழுவின் மரபில் வந்த அமைப்பு, 18 வயது வரையிலான சிறார்க்குரிய ‘ரெயின்போ’ நூற்பட்டியலை 2008 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது.

5. தலைப்புச் சொல்லின் மாற்றம்

பட்டியல் வளர்ந்த அளவுக்கு அட்டவணையின் சொற்களும் மாறவேண்டியிருந்தது. இம்மாற்றத்துக்குக் குரல் கொடுத்தவர்களுள் சான்ஃபோர்ட் பெர்மன் முக்கியமானவர். ஜாம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றியபோது, ஆப்பிரிக்க மக்களை இழித்துரைக்கும் சொல் ஒன்று அமெரிக்கப் பொருள் தலைப்புப் பட்டியலில் இயல்பான தலைப்பாக நிற்பதை அவர் கண்டார். ஓரிடத்தில் எழுதப்பட்ட அட்டவணைச் சொல், மற்றோரிடத்து வாசகர் முன் வசையாக நிற்கும் என்பது அவருக்குப் புலனாயிற்று. அவ்வுணர்வின் விளைவாகத் தலைப்புகள் அனைத்தையும் ஆராய்ந்து 1971இல் நூலொன்றை வெளியிட்டார். தன்பாலீர்ப்பைப் பாலியல் வக்கிரத்துடன் இணைத்த ‘மேலும் காண்க’ குறிப்பையும் அதில் கண்டித்தார். 1970களின் தொடக்கத்தில் அக்குறிப்பு நீக்கப்பட்டது.

பின்னர் மனிதரைக் குறிக்கும் தலைப்புகள் ஏற்கப்பட்டன. 1987இல் மருத்துவச் சாயல் கொண்ட சொல்லுக்கு மாற்றாக, அம்மக்கள் தம்மைக் குறித்துப் பல்லாண்டுகளாக வழங்கிய ‘கே’ என்ற சொல்லின் பன்மை வடிவம் தலைப்பாயிற்று. 1946ஆம் ஆண்டின் பண்புப் பெயருக்கும் 1987ஆம் ஆண்டின் மக்கட்பெயருக்கும் இடையே 41 ஆண்டுகள் உள்ளன. புறத்தார் இட்ட பெயரிலிருந்து தாமே இட்டுக்கொண்ட பெயருக்கு நூலகம் நகர்ந்த காலம் அது.

6. பரிந்துரை என்பதன் பொருள் குறித்த வழக்குகள்

ஒரு நூலை அடுக்கில் வைத்தல் வேறு, பரிந்துரைத்தல் வேறு என்ற வேறுபாடு பிரிட்டனில் சட்டச் சிக்கலாயிற்று. சூசன் பெஷே என்ற டேனிஷ் எழுத்தாளர் 1981இல் தம் மொழியில் சிறார்க்கான புகைப்படக் கதை ஒன்றை வெளியிட்டார். தந்தையுடனும் அவருடைய ஆண் துணைவருடனும் வாழும் சிறுமியின் வார இறுதி நாட்களே அக்கதையின் பொருள். 1983இல் இது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது சிறுமி மெத்தே, ஜென்னி ஆனாள். மோர்டன், மார்ட்டின் ஆனார். பெயர்கள் உள்ளூர்ப் பெயர்களாக மாறியதால், வேற்று நாட்டுக் குழந்தையின் கதையாக நின்றிருக்கக்கூடிய ஒன்று, உள்நாட்டுக் குழந்தையின் கதையாகப் படிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் பெயரை உள்ளூர்ப்படுத்துவதன் விளைவுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இலண்டன் கல்வி ஆணையத்தின் ஆசிரியர் மையம் ஒன்றில் இந்நூல் இருந்தமை 1986இல் நாளிதழ்களில் பெரும் சர்ச்சையாயிற்று.

அதன் தொடர்ச்சியாக 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை வேண்டுமென்றே ஊக்குவித்தல் கூடாது என்று அது விதித்தது. ‘ஊக்குவித்தல்’ என்பதன் எல்லை யாதென்று சட்டம் விளக்கவில்லை. நூலை வாங்குதல் ஊக்குவித்தலா, காட்சிக்கு வைத்தல் ஊக்குவித்தலா, பட்டியலிடுதல் ஊக்குவித்தலா என்ற ஐயம் பொது நூலகர்களிடையே நிலவியது. இப்பிரிவின்கீழ்த் தண்டனை பெற்ற அமைப்பு எதுவும் இல்லை. எனினும் ஒரு வினைச்சொல்லின் பொருள் மயக்கமே அச்சத்தை விளைவித்தது. இப்பிரிவு ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003இலும் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் இச்சிக்கல் அடுக்கின் இடம் பற்றியதாக எழுந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஃபால்ஸ் நகர மன்றம் 1999இல் ஒரு தீர்மானம் இயற்றியது. 300 நூலக உறுப்பினர் கையொப்பமிட்டால் சிறார் பகுதியிலுள்ள நூலை வளர்ந்தோர் பகுதிக்கு மாற்றலாம் என்பது அத்தீர்மானம். இலக்காயிருந்தவை இரு தாயரையும் இரு தந்தையரையும் கொண்ட குடும்பங்களைப் பற்றிய இரு படக்கதை நூல்கள். நூல் நூலகத்திலேயே இருக்கும். ஆயினும் உரிய வாசகரான குழந்தை அதைக் காணாது. 2000ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம் இத்தீர்மானம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. மாயா கோபாபே வரைந்து 2019இல் வெளியான ‘ஜெண்டர் குவியர்’ என்ற தன்வரலாறு, அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் அறிவிக்கும் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் வரிசையில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றது.

7. இருமொழிச் சொற்களஞ்சியம்

இதுவரை கண்டவை ஆங்கில மொழிக்குள் நிகழ்ந்த மாற்றங்கள். மொழிகளுக்கிடையே இச்சொற்களை ஒப்பிட்டு வரையறுக்கும் முயற்சி நெதர்லாந்தில் தோன்றியது. ஆம்ஸ்டர்டாமில் 1978இல் தொடங்கிய ஆவண மையத்தின் வழிவந்த தொகுப்புகளுக்காக, டச்சு, ஆங்கிலம் ஆகிய இருமொழிகளில் பொருட்சொற்களஞ்சியம் ஒன்று 1997இல் வெளியாயிற்று. அதன் வளர்ச்சியே இன்று நூலகங்கள் பல பயன்படுத்தும் ‘ஹோமோசாரஸ்’ என்ற மின்வழிச் சொற்களஞ்சியம். பொது அட்டவணையின் தலைப்புகளுக்குத் துணையாக, நுண்ணிய வேறுபாடுகளைக் குறிக்கும் சொற்களை இது அளிக்கிறது.

இருமொழியில் தொகுத்தமையால் வெளிப்பட்ட உண்மை ஒன்றுண்டு. ஒரு மொழியில் ஒரே சொல் குறிக்கும் பரப்பை மற்றொரு மொழி இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு மொழியில் மதிப்புடைய சொல்லின் நேர் ஈடு மற்றொரு மொழியில் வசையாக இருக்கலாம். எனவே பட்டியல் மொழிபெயர்க்கப்படும்போது சொற்களின் வரலாறும் உடன் ஆராயப்படுதல் இன்றியமையாதது. இது தமிழுக்கும் பொருந்தும்.

8. தமிழில் எழும் சொற்சிக்கல்கள்

தமிழிலக்கண மரபு இப்பொருளை அறியாததன்று. பேடு, அலி ஆகிய பெயர்களை எப்பாலில் வைப்பது, அவற்றுக்கு எவ்வகை வினைமுடிபு தருவது என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் இலக்கண வினாவாக எடுத்துக்கொண்டுள்ளன. இலக்கணச் சொல்லாக நின்ற ‘அலி’ பிற்கால வழக்கில் வசையாக இழிந்தது. ஆங்கிலத்தில் ‘குவியர்’ என்ற சொல் இதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்துள்ளது. வசையாக வழங்கிய அச்சொல்லை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மக்களே எடுத்துத் தம் பெயராக்கிக்கொண்டனர்.

தமிழில் 2008இல் அமைக்கப்பட்ட நல வாரியம் தொடக்கத்தில் ‘அரவாணிகள்’ என்ற பெயரைத் தாங்கியது. கூத்தாண்டவர் வழிபாட்டில் வேர்கொண்ட அச்சொல்லின் இடத்தைத் ‘திருநங்கை’ என்ற சொல் பெற்றது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பிறப்பித்த ஆணைகளின் தொடர்ச்சியாக, மதிப்புடன் குறிக்கத்தக்க சொற்களின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர், திருநர், திருநம்பி, ஊடுபால் முதலிய சொற்கள் இவ்வாறு அரசு ஏற்பைப் பெற்றன.

‘பால்புதுமை’ என்ற ஆக்கச் சொல் வசை வரலாறு அற்றது. அதனால் ஆங்கிலச் சொல்லில் ஒலிக்கும் மீட்பின் தொனியும் அதில் இல்லை. இஃது இழப்பா, நன்மையா என்பது இடத்தைப் பொறுத்தது. நூலகப் பட்டியலின் தலைப்புக்குக் காயமற்ற சொல் நன்மையே. வசையைத் தழுவி எழுதப்பட்ட கவிதையின் மொழிபெயர்ப்புக்கு அது போதாது. ‘ஓரினச்சேர்க்கை’, ‘தன்பாலீர்ப்பு’ ஆகிய இரண்டையும் ஒப்பிட்டாலும் இத்தகைய வேறுபாடு விளங்கும். முன்னதில் தலைமைச் சொல் ‘சேர்க்கை’. அது செயலைக் குறிக்கிறது. பின்னதில் தலைமைச் சொல் ‘ஈர்ப்பு’. அது மனநிலையைக் குறிக்கிறது. யாரையும் தீண்டாமல் மனத்துள் காதலைச் சுமக்கும் பதின்பருவத்தினரைப் பற்றிய நாவல் முன்னைத் தலைப்பின்கீழ் நின்றால், கதையில் நிகழாத ஒன்று அதன் பெயராகிவிடும்.

உறவுச் சொற்களிலும் கவனம் தேவைப்படுகிறது. இரு தாயரைக் கொண்ட குடும்பத்தைப் பற்றிய ஆங்கிலப் படக்கதையின் தலைப்பு அம்மொழியில் உடனே வியப்பைத் தருவது. தமிழிலோ தாயின் தங்கையும் சிற்றப்பாவின் மனைவியும் ‘சின்னம்மா’ எனப்படுவர். தந்தையின் இளைய மனைவிக்கும் அச்சொல் உரியது. எனவே ‘இரண்டு அம்மா’ என்ற தொடரைத் தமிழ்க் குழந்தை இயல்பாக ஏற்கும். ஆனால் வேறு குடும்ப அமைப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும். இங்கு மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர் அதிர்ச்சியன்று, தவறான தெளிவு. மாறாக, ‘அவர்’ என்ற பால்பகா உயர்வுச் சொல் தமிழர்க்கு இயல்பாக வாய்த்துள்ளது. ஆங்கிலத்தில் கோபாபே போன்றோர் பால் சுட்டாத ஒருமைப் பெயருக்குப் புதிய வடிவங்களை ஆளவேண்டியிருக்கிறது.

தமிழிலிருந்து பிற மொழிக்குச் செல்லும் வழியிலும் பெயர் மாறுகிறது. ரேவதியின் தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் வெளியானபோது, அதன் துணைத் தலைப்பில் ‘ஹிஜ்ரா’ என்ற வடநாட்டு வழக்குச் சொல் இடம்பெற்றது. ஆங்கில வாசகர் முன்பே அறிந்த சொல் அதுவே. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ போன்ற தலைப்போ குழுப்பெயர் எதனையும் சுட்டாமல் தன்பெயரை மட்டும் கூறுகிறது. இத்தகைய நூலைத் தேடும் வாசகருக்குப் பட்டியலின் தலைப்பே துணை.

9. பழஞ்சொல்லை என் செய்வது

புதிய சொல் ஏற்கப்பட்டபின் பழஞ்சொல்லை முற்றாக நீக்கிவிடுதல் அறமெனத் தோன்றலாம். ஆனால் நூலகப் பட்டியலில் அது மற்றோர் இடரை விளைவிக்கும். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ 1994இல் வெளியான நாவல். அக்காலத்தில் வழங்கிய சொற்களையே அது கொண்டுள்ளது. இதைப் படித்தோர் நினைவில் வைத்துள்ள சொல் ஒன்று. அரசிதழ்ச் சொல் மற்றொன்று. சிற்றூரிலிருந்து நூலகம் வரும் இளைஞர் தம்மீது வீசப்பட்ட சொல்லை மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். அச்சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு விடையே இல்லையெனில், 1949இல் கிட்டிங்ஸ் நின்ற இடத்தில் அவரும் நிற்பார்.

இதற்கு நூலகவியல் முன்பே கண்ட தீர்வு ‘காண்க’ என்னும் குறிப்பு. பழஞ்சொல் தலைப்பாக நிற்பதில்லை. தலைப்புக்கு அழைத்துச் செல்லும் வழியாக நிற்கிறது. 1946ஆம் ஆண்டின் ‘மேலும் காண்க’ குறிப்பு, வாசகரை மதிப்பிலிருந்து இழிவுக்கு இட்டுச் சென்றது. அதே கருவியை எதிர்த்திசையில் பயன்படுத்தி, இழிவான சொல்லிலிருந்து மதிப்புடைய சொல்லுக்கு வாசகரை இட்டுச் செல்லலாம். பழஞ்சொல்லின் வரலாற்றைக் கூறும் ஒரு வரிக் குறிப்பும் உடன் அமைதல் நன்று.

முடிவுரை

1932இல் உளப்பிறழ்ச்சியின் எண்ணைப் பெற்ற பொருள், 1971இல் 37 பதிவுகள் கொண்ட பட்டியலாகி, இன்று சிறார்க்கும் வளர்ந்தோர்க்கும் உரிய பரிந்துரைப் பட்டியல்களாக வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சியில் முதலடி எடுத்து வைத்தோர் தமக்கான நூலைத் தேடிய வாசகர். அவர்தம் சொல்லை நூலகத்தின் சொல்லாகப் பெயர்த்ததே நூலகர் ஆற்றிய பணி.

இந்தியாவில் தன்பாலினத்தவரின் இசைவுடைய உறவைக் குற்றமாகக் கொள்ளும் நிலை 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. சட்டத்தின் சொல் மாறிய பின்னும் அட்டவணையின் சொல்லும் மொழிபெயர்ப்பின் சொல்லும் தாமே மாறிவிடுவதில்லை. தமிழில் இத்தகைய வாசிப்புப் பட்டியல் தொகுப்போர் நூல்தேர்வுடன் மூன்று செய்திகளையும் கருதுதல் பயன் தரும்: தலைப்புச் சொல் செயலைக் குறிக்கிறதா, மனிதரைக் குறிக்கிறதா என்பது, அதனை அம்மக்கள் ஏற்றுள்ளனரா என்பது, அச்சொல்லை அறியாத வாசகர் எவ்வழியாக அதனை வந்தடைவார் என்பது. இவற்றுள் மூன்றாவது எளிதில் மறக்கப்படுவது. அதனை நினைவிற் கொள்ளும் பட்டியலே, எந்தச் சொல்லோடு வந்தாலும் வாசகரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பாத பட்டியலாக அமையும்.